ஆனைமலையில் எட்டு நாள் முந்தி வந்த மழை

2025 மே 23, வெள்ளி

சென்னையிலிருந்து இரவு ரயிலில் கோவை, அங்கிருந்து வாடகைக் காரில் பொள்ளாச்சி வழியாக ஆனைமலை. பொள்ளாச்சியைத் தாண்டியதும் சாலைக்கு இரு பக்கமும் தென்னை, தென்னை, தென்னைதான். தெற்கே மலைத்தொடர் பாதி மேகத்துக்குள் நின்றது. மே மாத வெயிலுக்காகத் தொப்பியும் கூலிங் கிளாஸும் எடுத்துப் போயிருந்தோம். காரை விட்டு இறங்கினால் காற்றில் குளிர்ச்சி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. அந்த இடைவெளி இருப்பதால்தான் இந்தப் பக்கம் கோடையிலும் சாயங்காலம் திண்ணையில் உட்கார முடிகிறது.

நாங்கள் ஐந்து பேர். என் கணவர் இவருக்கு மாதக்கணக்கில் இரவு ஷிப்ட். பகலில் எவ்வளவு தூங்கினாலும் முகம் தெளிவதில்லை. மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, ஜூன் 2-இல் பள்ளி திறக்கக் காத்திருக்கிறான். மகளுக்கு ஏழு வயது. அப்புறம் என் மாமியார். மன்னார்குடிப் பக்கம் நெல்லும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். முழங்கால் வலி வந்ததிலிருந்து எங்கள் மாடி வீட்டை விட்டு அதிகம் இறங்குவதில்லை. ஊட்டி, கொடைக்கானல் நெரிசல் இந்த முறை வேண்டாம், ஒரு தோட்டத்து வீட்டில் சும்மா இருந்துவிட்டு வரலாம், நடுவில் ஒரு நாள் மட்டும் வால்பாறை என்று முடிவு செய்திருந்தோம்.

வீடு தென்னந்தோப்புக்கு நடுவில், ஓடு வேய்ந்த பழைய சாளை. இரண்டு அறை, நீளமான திண்ணை, பின்னால் கட்டுத்தரையில் மாடுகள். வீடு முழுக்க ஒரு நாளைக்கு 6,000 ரூபாய். சாப்பாட்டுக்குத் தலைக்கு 500, மகளுக்குப் பாதி. நீச்சல் குளம் கிடையாது, டிவி கிடையாது. தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். நான் அண்ணா, அக்கா என்றே கூப்பிட்டேன்.

கார் நின்றதும் அக்கா நேராக அத்தையிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க அம்மா. மெதுவா இறங்குங்க, படி உயரமுங்க." மகளிடமும் அதே மரியாதைதான். "வாங்க கண்ணு, பசிக்குதுங்களா?" ஏழு வயதுக் குழந்தையை யாரும் 'ங்க' போட்டுப் பேசிக் கேட்டதில்லை அவள். அன்று சாயங்காலத்துக்குள் எங்களிடமும் 'ங்க' போட ஆரம்பித்துவிட்டாள்.

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்ந்து குழையாமல் வெந்திருந்தது. மேலே நெய், பக்கத்தில் கெட்டித் தயிர், சுட்ட அப்பளம். "சாம்பார், ரசம் இல்லாம இது ஒண்ணுதானா?" என்று என் காதில் கேட்ட அத்தை, அப்புறம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணா சொன்ன ஒரே விதி, காற்றடிக்கும்போது தென்னைக்கு அடியில் யாரும் நிற்கக்கூடாது, காரையும் நிறுத்தக்கூடாது என்பதுதான். தேங்காயைவிடக் காய்ந்த மட்டைதான் பயமாம். சத்தமில்லாமல் கழன்று வரும். அதனால் பிள்ளைகளுக்கான ஊஞ்சலை வீட்டோரத்து மாமரத்தில் கட்டியிருந்தார்கள். இரண்டு தென்னைக்கு நடுவே தூளி கட்டிப் படம் போடுகிற தங்குமிடங்களை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

மே 24, சனி

விடிவதற்கு முன்பே மயில்கள் அகவி எல்லோரையும் எழுப்பிவிட்டன. பொள்ளாச்சிப் பக்கம் மயிலுக்குக் குறைவே இல்லை. விதைத்ததைக் கிளறிவிடுகிறது என்று விவசாயிகள் சலித்துக்கொள்வதும் நியாயம்தான். கறந்த பாலில் போட்ட காபியுடன் திண்ணையில் உட்கார்ந்தோம்.

காலையில் காய் போடும் ஆட்கள் வந்தார்கள். நீள மூங்கில் நுனியில் அரிவாள் கட்டி, கீழே நின்றபடியே குலையைத் தேடி இழுக்கிறார்கள். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டு. பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, எங்களுக்கென்று பச்சை இளநீர்க் குலை ஒன்றைக் கயிறு கட்டி இறக்கினார் ஒருவர். வெட்டியவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காயை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி நான்கு சீவு, ஐந்தாவது வெட்டில் கண் திறந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. குடித்து முடித்ததும் இரண்டாகப் பிளந்து, மட்டையிலேயே ஒரு சில்லு சீவி, அதையே கரண்டியாகக் கையில் கொடுத்தார். வழுக்கை நாக்கில் கரைந்தது. வரும் வழியில் சாலையோரத்தில் 45 ரூபாய் கொடுத்துக் குடித்த இளநீரில் இந்த இனிப்பு இல்லை.

மரங்களில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பிளாஸ்டிக் தாள்கள் சுற்றியிருந்தன. மகள் அதை அலங்காரம் என்று நினைத்தாள். அண்ணா பக்கத்தில் கூட்டிப் போய்க் காட்டினார். தாளில் விளக்கெண்ணெய் தடவியிருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக் கிடந்தன. சுருள் வெள்ளை ஈ. 2016 வாக்கில் இந்தப் பக்கம் வந்தது, இன்னும் போகவில்லை. ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற பிசுபிசுப்பு கீழ் ஓலைகளின் மேல் விழுந்து, அதில் கரும்பூசணம் படரும். ஓலை கறுத்துப்போனால் வெயிலை வாங்க முடியாது, காய்ப்பு குறையும். மருந்தடித்தால் இந்த ஈயைத் தின்கிற நல்ல பூச்சிகளும் செத்துப்போகும் என்பதால் மஞ்சள் ஒட்டுப்பொறி, தண்ணீர் பீய்ச்சுவது, ஒட்டுண்ணிக் குளவி விடுவது என்றுதான் சமாளிக்கிறார்கள்.

தோட்டத்தின் கிழக்கு மூலையில் வெட்டிய அடிமரங்கள் வரிசையாக நின்றன. கேரள வாடல் நோய். அது வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது. பக்கத்து மரங்களைக் காப்பாற்ற வெட்டித்தான் ஆகவேண்டும். "எங்கப்பாரு வெச்ச மரமுங்க" என்றார் அண்ணா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த வருடம் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் நல்ல விலை. விலை ஏறிய வருடத்தில் மரத்தில் காய் இல்லை என்பது எவ்வளவு பெரிய வேதனை என்று அந்த அடிமரங்களைப் பார்த்தபோது புரிந்தது.

மதியச் சாப்பாட்டின்போது அண்ணாவின் போனில் செய்தி வந்தது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இன்றே தொடங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 1; எட்டு நாள் முந்தி வந்திருக்கிறது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். செய்தியைப் படித்து முடிப்பதற்குள் மேற்கே வானம் கறுத்துவிட்டது.

அண்ணா பாதிச் சாப்பாட்டில் எழுந்து களத்துக்கு ஓடினார். அங்கே கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பருப்பு, இன்னும் இரண்டு வெயில் பாக்கி. நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், விலை பாதியாகிவிடும். காய் போட வந்தவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். இருந்தது அண்ணா, அக்கா, ஒரு வயதான வேலைக்காரர் மட்டும்தான். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. இவர் கை கழுவிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார், மகன் பின்னாலேயே ஓடினான். நானும் மகளும் சாக்குகளை விரித்துப் பிடித்தோம். அண்ணா பலகையால் தள்ளிக் குவிக்கக் குவிக்க, இவரும் மகனும் கூடை கூடையாக அள்ளினார்கள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. அதன் ஒரு முனையில் என் மகள் போய் உட்கார்ந்துகொண்டாள், அவள் எடையோடு அது நிற்கும் என்று.

கடைசி மூன்று கூடை அள்ளும்போது மழை பிடித்துக்கொண்டது. அவை மட்டும் லேசாக நனைந்தன. மற்றதெல்லாம் உள்ளே போய்விட்டது.

திண்ணைக்குத் திரும்பியபோது எல்லோர் மேலும் தேங்காயெண்ணெய் வாசனை. அக்கா துண்டுகளை நீட்டியபடி, "விருந்தாடி வந்தவங்களை இப்படி வேலை வாங்கிட்டமுங்களே" என்று மறுபடி மறுபடி சொன்னார். இவர் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் காணாத தெளிவு அங்கே இருந்தது. அன்று இரவு சுக்குக் காபி, ராகிக் களி, கீரைக் கடைசல். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்து, காலை எட்டு வரை எழவில்லை இவர்.

மே 25, ஞாயிறு

கோவை, நீலகிரி மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை. இன்றுதான் வால்பாறை போவதாக இருந்தது. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. இந்த மழையில் பிள்ளைகளையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு போகிற வழி இல்லை அது. வழியிலுள்ள கவியருவியிலும் வெள்ளம் வந்தால் குளிக்க விட மாட்டார்கள். தனியாகப் பேசிவைத்திருந்த கார்க்காரருக்குப் போன் செய்தோம். 1,500 ரூபாய் முன்பணம் திரும்பாது என்றார். எச்சரிக்கை அரசாங்கம் கொடுத்தது என்று சொல்லிப் பார்த்தோம். "நான் வர ரெடி, நீங்கதானே வரலை" என்றார். அதுவும் ஒரு வாதம்தான், ஆனால் மண் சரியக்கூடிய நாளில் மலையேறத் தயார் என்று சொல்பவரோடு போகாமலிருந்ததற்கு 1,500 ரூபாய் போனால் போகட்டும்.

பத்து மணி வாக்கில் படபடவென்று ஒரு சத்தம். மின்கம்பி மேல் மட்டை விழுந்து கரண்ட் போய்விட்டது. மின்வாரியத்துக்குச் சொன்னார்கள், பல இடத்தில் கம்பி அறுந்திருப்பதால் முறை வரத் தாமதமாகும் என்று பதில். மகனின் போனில் இருபது சதவீதம் சார்ஜ். அதை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, "இப்ப என்ன பண்றது?" என்று வந்து நின்றான்.

அக்காதான் வழி செய்தார். "சந்தகை புழியலாம் வாங்க கண்ணு, இன்னிக்குக் கை பலம் வேணும்."

புழுங்கலரிசியை முந்தின இரவே ஊறவைத்திருந்தார். கரண்ட் இல்லாததால் கிரைண்டர் ஓடாது; திண்ணைக் கோடியிலிருந்த ஆட்டுக்கல்லைக் கழுவினார்கள். அத்தை முழங்காலை நீட்டி ஒரு பலகையில் உட்கார்ந்து, "தள்ளுங்க, நான் ஆட்டறேன்" என்றார். எனக்குப் பயம். அவரோ குழவியை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் மாவைத் தள்ளிவிட்டார். சென்னை வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறோமே, அதே அத்தைதான்.

ஆட்டிய மாவை இட்லியாக ஊற்றி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும். அச்சு மூன்று கால் வைத்த இரும்பு, இடுப்பு உயரம். மேலே இரண்டு கைப்பிடி. மகன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் பிடித்துச் சுற்ற, அடியில் வெள்ளை நூலாக இறங்கியது. மகள் தட்டை ஏந்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றி வாங்கினாள். முதல் தட்டு கோணல் மாணலாக வந்தது, நாலாவது தட்டு முல்லைப் பந்தாக வந்தது. பாதியை எலுமிச்சை பிழிந்து தாளித்தார்கள். மீதிக்குத் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும். தோட்டத்துத் தேங்காயின் முதல் பால், தண்ணீர் விடாமல் பிழிந்தது. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே எனக்கு நாக்கில் நிற்பது அதுதான். எள்ளும் சர்க்கரையும் சேர்த்து இடித்த பொடியும் இருந்தது; அத்தை அதற்குத்தான் ஓட்டுப் போட்டார்.

சாப்பிட்ட பிறகு யாருக்கும் எந்த வேலையும் இல்லை. ஓட்டின் மேல் மழை. மகன் திண்ணையிலேயே தூங்கிப்போனான். அண்ணா மட்டும் அடிக்கடி எழுந்து போய் மரங்களைப் பார்த்துவிட்டு வந்தார். காற்றுக்குக் கவலைப்படுகிறார் என்று நினைத்துக் கேட்டேன். "இல்லீங்க. வெள்ளை ஈயைக் கழுவிவிடுதுங்க இந்த மழை. ரெண்டு நாள் விடாம அடிச்சா எத்தனை பொறி கட்டினாலும் ஆகாத வேலை ஆயிடும்" என்றார். எங்கள் வால்பாறையை நிறுத்திய மழைக்காக அவர் வருடம் முழுக்கக் காத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு மழை எப்போது விடும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

இரவில் ஒரு சின்னத் தகராறு வரப் பார்த்தது. பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குக் கோவையிலிருந்து இளைஞர்கள் கூட்டம் ஒன்று வந்திருந்தது. கரண்ட் இல்லை, ஆனால் அவர்களிடம் பேட்டரி ஸ்பீக்கர் இருந்தது. தோப்பு முழுக்க அதிர்ந்தது. இவர் பேசப் போவதாக எழுந்தார். அண்ணா தடுத்துவிட்டு, தானே குடையோடு போனார். என்ன பேசினார் என்று திரும்பி வந்ததும் கேட்டோம். "ஏனுங்க தம்பி, மாடு மிரளுதுங்க, கன்னு போட்ட மாடு பால் சொரக்காதுங்கன்னு சொன்னேன். அவ்ளோதானுங்க." பாட்டு நின்றுவிட்டது. அரை மணி நேரத்தில் அந்தப் பையன்களில் இரண்டு பேர் மெழுகுவர்த்தி கேட்டு வந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஆனைமலையில் கடை தேடிப் போய் மழையில் திரும்பிவிட்டார்களாம். அக்கா மிச்சமிருந்த மாவில் தோசை ஊற்றி, எள்ளுச் சட்னியோடு கட்டிக் கொடுத்தார். காசு நீட்டினார்கள். "இருக்கட்டுங்க, சாப்பிட்டுத் தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

மே 26, திங்கள்

காலையில் மழை தூறலாக இளைத்தது. மாமரத்தடி முழுக்கக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. மாங்காய் போட்டிருப்பவர்களுக்கு இந்த முந்திய மழை நல்லதில்லை. பழுக்க விட்டிருந்தது எல்லாம் கீழே. மகள் பொறுக்கியதை அக்கா வெல்லம் போட்டுப் பச்சடி செய்தார்.

அத்தை சீக்கிரமே குளித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக நின்றார். தோப்புக்கு அந்தப் பக்கம் நெல்வயல் இருப்பதாக அக்கா சொல்லியிருந்தார். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "பொள்ளாச்சியில ஏது நெல்லு?" நேரில் பார்த்தே ஆகவேண்டும். அண்ணா கையைப் பிடித்து வரப்பில் கூட்டிப் போனார்.

தென்னை முடிந்ததும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். உழுது தண்ணீர் கட்டியிருந்தது. ஒரு மூலையில் நாற்றங்கால், விரற்கடை உயரத்துக்குப் பச்சை. ஆழியாறு பழைய ஆயக்கட்டு, அதாவது ஆற்றுப் பாசன நிலம், 6,400 ஏக்கர். காரப்பட்டி, அரியாபுரம், பள்ளிவிளங்கால், பெரியணை, வடக்கலூர் என்று ஐந்து வாய்க்கால். அணை வருவதற்கு முன்பே ஆற்றில் தடுப்பு கட்டிப் பாய்ந்த நிலம் என்பதால் இதற்குத் தண்ணீரில் முன்னுரிமை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் மற்ற நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். இங்கே இரண்டு போகம் நெல் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தென்னைக்கு மாறியவர்களும் நிறைய.

அத்தை கேள்வி மேல் கேள்வி கேட்டார். எங்கள் பக்கம் ஜூன் 12 மேட்டூர் திறந்த பிறகுதான் எல்லாம், இங்கே என்றைக்குத் திறப்பார்கள்? நடவுக்கு ஆள் எங்கிருந்து? வண்டல் இல்லாத மண்ணில் எத்தனை மூட்டை? அண்ணா ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். நாற்றங்கால் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்த அத்தை, "மழை இப்படியே பெஞ்சா முளை அழுகிடும் தம்பி, இந்த மூலையை வெட்டி வடிய விடுங்க" என்றார். அண்ணா மண்வெட்டியை எடுத்து அவர் காட்டிய இடத்திலேயே மடையை வெட்டிவிட்டார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. உபசாரத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டு, ஓரமாக உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்து, சரிதான் என்று பட்ட பிறகுதான் வெட்டினார். எங்கள் வீட்டில் அத்தையிடம் யாரும் இப்படி யோசனை கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

திரும்பும் வழியில் தென்னைக்கு ஊடாக ஜாதிக்காய் மரங்கள். வாடல் நோய்க்குப் பிறகு இதுவும் மிளகும் கோகோவும்தான் கைகொடுக்கிறதாம். கிளையிலேயே வெடித்திருந்த ஒரு காயை அண்ணா பறித்துப் பிரித்தார். வெளியே மஞ்சள் சதை, உள்ளே பளபளக்கும் கறுப்புக் கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னியது போல ஜாதிபத்திரி. பிரியாணியில் போடும் காய்ந்த பழுப்புத் துண்டு இந்த நிறத்தில் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. மகள் அந்தச் சிவப்பை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

மகன் காலை முழுவதும் தேங்காய் உரிப்பவரோடுதான். தரையில் நட்டிருக்கும் கடப்பாறை முனையில் காயைக் குத்தித் திருப்ப வேண்டும். மூன்று திருப்பில் மட்டை பிரிந்துவிடும். அவர் ஒரு நாளைக்கு ஆயிரம் காய்க்கு மேல் உரிப்பாராம். உரித்த மட்டை நார் மில்லுக்குப் போகிறது. தேங்காயில் வீணாகிற பொருளே கிடையாது. மகன் பத்துப் பன்னிரண்டு காய் உரித்ததற்குள் உள்ளங்கை சிவந்து கொப்பளம் வந்துவிட்டது. உரிப்பவர் தன் கையை விரித்துக் காட்டினார். தோல் மரப்பட்டையாக இருந்தது. மகன் அதைத் தொட்டுப் பார்த்தான், பிறகு அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான். நான் சொல்லவில்லை.

மதியம் கொள்ளுப் பருப்பு, நாட்டுக்கோழிக் குழம்பு. கோழிக்குத் தனியாக 900 ரூபாய். சாயங்காலம் கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் எல்லா போன்களும் சார்ஜுக்குப் போயின, எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இரவு மழை விட்டிருந்த நேரத்தில், அமாவாசை இருட்டில், வாய்க்கால் ஓரத்துச் செடிகளில் மின்மினி. ஏழெட்டு இருக்கும். டாப்ஸ்லிப் பக்கத்துக் காடுகளில் இந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னுமாம். எங்களுக்கு ஏழெட்டே போதுமாக இருந்தது. போனை வைத்துவிட்டு எல்லோரும் வந்தார்கள்.

மே 27, செவ்வாய்

கிளம்பும் நாளில்தான் கார் மாட்டிக்கொண்டது. தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்குப் போகும் இட்டேரி மண் பாதை. மூன்று நாள் மழையில் உளையாகிவிட்டது. கோவையிலிருந்து வந்த கார் பாதி வழியில் புதைந்து, சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாக இறங்கியது. டிரைவர் தென்னை மட்டைகளை அடியில் கொடுத்துப் பார்த்தார், நகரவில்லை. அண்ணா டிராக்டர் கொண்டுவரப் போனார். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் ஆறு பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். சங்கிலி கட்டி டிராக்டர் இழுக்க, பின்னாலிருந்து அவர்கள் தள்ள, கார் மேலே ஏறியது. ஆறு பேரும் தலை முதல் கால் வரை சேறு. "தோசைக்குக் கணக்கு சரியாப்போச்சுங்க்கா" என்றான் ஒருவன் அக்காவிடம்.

மழைக்காலத்தில் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் தாழ்ந்த கார் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டார்ச் லைட், கொசு விரட்டி, பிள்ளைகளுக்கு இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு, இவ்வளவும் அவசியம். வயதானவர்கள் இருந்தால் மேற்கத்திய கழிப்பறை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சாளைகள் பலவற்றில் இருக்காது, இங்கே ஒரு அறையில் இருந்தது.

கணக்குப் பார்த்தபோது அண்ணா ஞாயிற்றுக்கிழமைக்கான சாப்பாட்டுப் பணத்தைச் சேர்க்கவில்லை. கரண்ட் இல்லாத நாளாம். இவர் விடவில்லை. கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் பணத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டோம். பதிலுக்கு டிக்கியில் இருபது தேங்காய், ஒரு பாட்டில் ஜாதிக்காய் ஊறுகாய், நனைந்த மூன்று கூடையில் தப்பித்த கொப்பரை ஒரு பை ஏறின.

வழியில் ஆனைமலை மாசாணியம்மன் கோவில். அம்மன் கிடந்த கோலத்தில் இருக்கும் கோவில். அமாவாசைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவது இங்கே வழக்கம். ஒரு வயதான பெண்மணி அம்மியில் அரைத்துக்கொண்டே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காரம் காற்றில் ஏறிக் கண் எரிந்தது. வரிசையில் அத்தை நிற்பதைப் பார்த்து முன்னால் நின்ற குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது.

ரயிலில் அத்தை அண்ணாவுக்குப் போன் செய்தார். நாற்றங்காலில் தண்ணீர் வடிந்துவிட்டதாம், ஜூன் மூன்றாம் வாரம் நடவாம். பிள்ளைகளின் காலாண்டு விடுமுறைக்குப் போனால் கதிர் முற்றி நிற்கும் என்று இவரிடம் சொல்லி, அந்த வீட்டை இப்போதே பேசி வைக்கச் சொல்லிவிட்டார்.